ஆறாத மண்: மரலிங்கா அணுகுண்டுகளும் அதை மறக்கவிடாத மனிதர்களும்

அணுகுண்டு என்றவுடன் எங்கட சனத்துக்கு நினைவுக்கு வருவது யப்பானில் ஹிரோசிமாவும் நாகசாக்கியும்தான். 1945 ஆகஸ்ட் 6ஆம், 9ஆம் திகதிகளில் நடந்த அந்த அழிவைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் நாங்கள் இன்று வாழும் இந்த அவுஸ்திரேலியக் கண்டத்தில், 1952க்கும் 1957க்கும் இடையில் 12 அணுகுண்டுகள் வெடிக்க வைக்கப்பட்டன என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெடித்தது எதிரி நாடு அல்ல. இந்த நாட்டு அரசாங்கத்தின் சம்மதத்தோடு பிரித்தானியா வெடித்தது.

நல்ல நாளில், புத்தாண்டு மலரில், இந்தக் கதை என்னத்துக்கு என்று சிலர் நினைக்கலாம். மண்ணை இழந்து வந்தவர்கள் நாங்கள். வந்து கால் வைத்த மண்ணிலும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கதையைத் தெரிந்து வைத்திருப்பது எங்கட கடமை என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

"ஆளில்லாத" நிலம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவோடு சேர்ந்து அணுகுண்டு செய்த பிரித்தானிய விஞ்ஞானிகளுக்கு, போர் முடிந்ததும் கதவு சாத்தப்பட்டது. 1946இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம் அணு இரகசியங்களை நட்பு நாடுகளுக்கும் கொடுக்கக் கூடாது என்று சொன்னது. சொந்தமாகக் குண்டு செய்யப் பிரித்தானியா முடிவெடுத்தது. குண்டு செய்யலாம், வெடித்துப் பார்க்க இடம் வேண்டுமே! நெருக்கமான இங்கிலாந்தில் அது முடியாது. 1950 செப்டெம்பரில் பிரித்தானியப் பிரதமர் அற்லி, அவுஸ்திரேலியப் பிரதமர் மென்சிசுக்குச் செய்தி அனுப்பினார். மென்சிஸ் தன் அமைச்சரவையைக்கூடக் கேட்காமல் கொள்கையளவில் சம்மதம் சொல்லிவிட்டார்.

முதல் குண்டு 1952 ஒக்டோபர் 3ஆம் திகதி மேற்கு அவுஸ்திரேலியக் கரைக்கு அப்பால் மொன்ரி பெலோ தீவுகளில் 'பிளிம்' என்ற போர்க்கப்பலுக்குள் வைத்து வெடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் தென் அவுஸ்திரேலியப் பாலைவனத்தில் ஈமு பீல்ட் என்ற இடத்தில் இரண்டு குண்டுகள். 1956இல் மொன்ரி பெலோவில் இன்னும் இரண்டு. பிறகு நிரந்தரமான இடமாக மரலிங்கா தெரிவு செய்யப்பட்டு, 1956 செப்டெம்பர் 27 தொடக்கம் 1957 ஒக்டோபர் 9 வரை அங்கே ஏழு குண்டுகள் வெடித்தன. கடைசியாக வெடித்த 'தரனாக்கி' என்ற குண்டின் பலம் ஏறக்குறைய 27 கிலோதொன். ஹிரோசிமாக் குண்டைவிடப் பெரியது.

மரலிங்கா என்ற பெயருக்கு இடி என்று அர்த்தம். அது அந்த இடத்துச் சனத்தின் சொல்லும் அல்ல. தூர வடக்கில் பேசப்பட்ட வேறொரு ஆதிக்குடி மொழியிலிருந்து எடுத்து வைத்த பெயர். அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அனங்கு மக்களிடம் இடத்தையும் கேட்கவில்லை, பெயரையும் கேட்கவில்லை. அந்த நிலத்தைப் பற்றி அன்றைக்குச் சொல்லப்பட்டது ஒரே வாசகம்தான்: ஆள் இல்லாத வெறும் நிலம்.

ஆனால் ஆள் இருந்தது. ஊல்டியா என்ற இடத்தில் ஒரு வற்றாத நீர்நிலை இருந்தது. பாலைவனத்தில் நாலு திசையிலிருந்தும் சனம் வந்து கூடுகிற இடம் அது. எங்கட ஊர்களில் குளமும் கோயிலும் எப்படியோ, அப்படி. அங்கே இருந்த மிசன் 1952இல் மூடப்பட்டது. சனங்கள் தெற்கே கடலோரப் பக்கமாக யலாற்றா என்ற இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சிவப்பு மணலில் வாழ்ந்தவர்கள் சாம்பல் நிறச் சுண்ணாம்பு மண்ணில் குடியேற்றப்பட்டார்கள். பிறகு அவர்களுடைய சொந்த நிலம் தடைசெய்யப்பட்ட வலயமானது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி வந்த சனத்துக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கறுப்பு மூடுபனி

1953 ஒக்டோபர் 15ஆம் திகதி காலை ஈமு பீல்டில் முதல் குண்டு வெடித்தது. அங்கிருந்து வடகிழக்கே சுமார் 170 கிலோமீற்றர் தூரத்தில் வலற்றினா என்ற மாட்டுப்பண்ணைப் பகுதியில் அனங்கு குடும்பங்கள் முகாம் போட்டிருந்தன. அவர்கள் சொன்னது இதுதான்: தெற்கிலிருந்து கறுப்பான, எண்ணெய்த்தன்மையான மூடுபனி ஒன்று சத்தமில்லாமல் மரங்களுக்கு மேலால் வந்தது. புழுதிப்புயல் மாதிரி இல்லை. அதன் பிறகு சனத்துக்கு வாந்தி, வயிற்றோட்டம், தோலில் புண், கண் எரிவு வந்தது. வயது போனவர்கள் சிலர் இறந்து போனார்கள்.

அந்த முகாமில் இருந்த சிறுவன் யாமி லெஸ்ரர். அவனுக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயதுதான். கண்கள் நோகத் தொடங்கின. பின்னர் இரண்டு கண்ணும் பார்வை இழந்தன. அந்தப் பிள்ளை வளர்ந்து, மொழிபெயர்ப்பாளராகவும் தன் மக்களின் தலைவராகவும் ஆனது. 1980 அளவில் ஒரு நாள் வானொலியில் ஒரு பெரிய விஞ்ஞானி பேசுவதை அவர் கேட்டார். குண்டு வெடித்த காலத்தில் ஆதிக்குடிகள் எல்லோரும் கவனமாகப் பார்க்கப்பட்டார்கள் என்ற பேச்சு. அதைக் கேட்ட பிறகே, நாங்கள் கண்டதைச் சொல்லவேண்டும் என்று லெஸ்ரர் பத்திரிகைகளைத் தேடிப் போனார். கண் தெரியாத ஒருவர், கண்டவர்களின் சாட்சியத்தை நாடு முழுக்கக் கொண்டு போனார்.

"கவனமாகப் பார்த்தோம்" என்றால் எப்படிப் பார்த்தார்கள்? பல இலட்சம் சதுர கிலோமீற்றர் பாலைவனத்தில் திரியும் மக்களைத் தேடி எச்சரிக்கும் பொறுப்பு, கன காலம் வோல்ரர் மக்டூகல் என்ற ஒரே ஒரு ரோந்து அதிகாரியிடம் இருந்தது. ஒரு வாகனம், ஒரு மனிசன். இது போதாது என்று அவர் முறையிட்டபோது, பிரித்தானியப் பொதுநலவாயத்தின் நலனைவிடக் கைப்பிடியளவு ஆதிக்குடிகளின் நலனைப் பெரிதாக நினைக்கிறார் என்று மேலிடத்து விஞ்ஞானி ஒருவர் அவரைக் குறை எழுதினார்.

1957 மே மாதம் மில்பட்டி குடும்பம் மரலிங்காவுக்குள் நடந்து வந்தது. தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள், வேட்டை நாய்கள். தடை பற்றி அவர்களுக்குத் தெரியாது. முந்தின ஆண்டு 'மார்க்கூ' குண்டு வெடித்து உண்டான பெரிய கிடங்குக்குப் பக்கத்தில் அவர்கள் இரவு தங்கியிருந்தார்கள். இராணுவத்தினர் அவர்களைப் பிடித்து, கருவி வைத்துப் பார்த்து, குளிக்க வார்த்து, லொறியில் ஏற்றி யலாற்றாவுக்கு அனுப்பினார்கள். நாய்களைச் சுட்டார்கள். தாய் ஈடி மில்பட்டி அப்போது கர்ப்பிணி. அந்தப் பிள்ளை இறந்தே பிறந்தது. நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்று படையினருக்குக் கட்டளை போடப்பட்டது. அந்தத் தாயின் பெயர் நாட்டுக்குத் தெரியவர ஏறக்குறைய முப்பது வருடம் எடுத்தது.

விஞ்ஞானிகள் இரண்டு பக்கம்

விஞ்ஞானிகள் எல்லோரும் ஒரே மாதிரி நடக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு பக்கத்தில் சேர் ஏர்னஸ்ற் ரிற்றர்ரன். இங்கிலாந்தில் பிறந்தவர். 1945இல் அமெரிக்காவின் முதல் அணுகுண்டுச் சோதனையில் வேலை செய்தவர். பிறகு கன்பராவில் பேராசிரியர். அவுஸ்திரேலிய மக்களின் பாதுகாப்பைக் கவனிக்க 1955இல் அமைத்த குழுவில் உறுப்பினராக இருந்து, பின்னர் அதன் தலைவராகவும் வந்தார். எந்தக் குண்டுக்கும் அந்தக் குழு "வேண்டாம்" என்று சொன்னதாக இல்லை. பக்டரியில் வேலை செய்கிற எங்களுக்கு இது இலேசாக விளங்கும். உற்பத்தியைக் கூட்டவேண்டும் என்று நிற்கிற அதே ஆளைச் சேப்டி ஒபிசராகவும் போட்டால், மெசின் எப்போதும் "சேப்" ஆகத்தான் இருக்கும்! அளவெடுக்கிறவர் ஆர், அந்த அளவால் நன்மை அடைகிறவர் ஆர் என்று பார்க்க வேண்டும்.

மற்றப் பக்கத்தில் ஹெட்லி மார்ஸ்ரன். இவர் அடிலெயிட்டில் அரச விஞ்ஞான நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் உயிர் இரசாயனப் பிரிவுத் தலைவர். ஆடு மாடுகளின் போசாக்கு இவருடைய துறை. குண்டு வெடித்தால் வரும் கதிர்த்தொழிற்பாடுள்ள அயடீன் புல்லில் படியும். புல்லைத் தின்னும் ஆட்டின் தைரொயிட் சுரப்பியில் போய்ச் சேரும். ஆகவே ஆட்டுச் சுரப்பிகளை எடுத்து அளந்து தாருங்கள் என்று இவரிடம் கேட்டார்கள். அளந்தார். ஆட்கள் இல்லாத பாலைவனத்தோடு நின்றுவிடும் என்று சொல்லப்பட்ட நஞ்சு, கண்டத்தின் மறுபுறம் குயின்ஸ்லாந்து வரைக்கும் பரவியிருந்தது. 1956 ஒக்டோபரில் ஒரு குண்டு வெடித்த பிறகு, 800 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள அடிலெயிட்டின் காற்றிலேயே வழமையைவிடப் பன்மடங்கு கதிர்த்தொழிற்பாட்டைக் கண்டார். நகரத்துச் சனத்துக்கு ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை.

மார்ஸ்ரன் தன் முடிவுகளைக் கட்டுரையாக எழுதினார். பாதுகாப்புக் குழுவோடு கடும் இழுபறி. கடைசியில் அது 1958இல் ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் வெளிவந்தது. அவருக்கிருந்த பெரிய பயம் ஸ்ரொன்சியம்-90. இது கல்சியம் போல நடந்துகொள்ளும். பாலோடு போய்ப் பிள்ளைகளின் எலும்பில் குடியிருக்கும்.

அந்தப் பயம் அதிகாரிகளுக்கும் இருந்தது என்பது பின்னர்தான் தெரிந்தது. 1957இலிருந்து 1978 வரை, இந்த நாட்டின் பெரிய நகரங்களில் இறந்துபோன சுமார் 22,000 பேரின் எலும்புத் துண்டுகள் எடுக்கப்பட்டு, எரித்துச் சாம்பலாக்கி, ஸ்ரொன்சியம் அளக்கப்பட்டது. அவர்களில் பலர் குழந்தைகளும் இளவயதினரும். பெற்றோரிடம் கேட்கவில்லை. 2001இல் இந்த விடயம் வெளியானபோது, நாற்பது வருடத்துக்கு முந்தித் தங்கள் பிள்ளையைப் புதைத்த தாய்மார் திரும்பவும் அழுதார்கள். வெளியில் "ஆபத்தில்லை" என்று சொல்லிக்கொண்டு, உள்ளே எலும்பை அளந்துகொண்டிருந்தார்கள். அளந்தது பிழையில்லை. சொல்லாமல், கேட்காமல் அளந்ததுதான் பிழை.

மூன்றாவது ஒருவரையும் சொல்லவேண்டும். சேர் மார்க் ஒலிபன்ற், அடிலெயிட்டில் பிறந்த பெரிய பௌதிகவியலாளர். 1941இல் பிரித்தானிய ஆய்வை அமெரிக்கர் கிடப்பில் போட்டபோது, நேரில் போய் அவர்களை உசுப்பிவிட்டவர்களில் முக்கியமானவர். ஹிரோசிமாவுக்குப் பிறகு அணு ஆயுதத்துக்கு எதிராகப் பேசத் தொடங்கினார். அதனாலேயே, சொந்த நாட்டில் நடந்த சோதனைகளில் அவரைச் சேர்க்காமல் தள்ளி வைத்தார்கள். குண்டின் உள்ளும் புறமும் தெரிந்த அவுஸ்திரேலியரைத்தான் வெளியே நிறுத்தினார்கள் என்றால், தேவைப்பட்டது அறிவு அல்ல, ஆமா போடுகிற வாய் என்று விளங்குகிறது.

சின்னச் சோதனை, பெரிய நஞ்சு

பெரிய குண்டுகள் 1957உடன் முடிந்தன. ஆனால் மரலிங்காவைக் கூடுதலாகக் கெடுத்தது அவை அல்ல. 1963 வரை நடந்த "சிறு சோதனைகள்"தான். உலக நாடுகள் சோதனைகளை நிறுத்தி வைத்திருந்த காலத்திலும் இவை நடந்தன. பெயர் சிறிசு என்பதால் ஆரும் கணக்கெடுக்கவில்லை. தரனாக்கியில் 1960 தொடக்கம் 1963 வரை புளூட்டோனியத்தைச் சாதாரண வெடிமருந்தோடு வைத்து வெடித்தார்கள். அணுவெடிப்பு இல்லை. ஆனால் சுமார் 22 கிலோ புளூட்டோனியம் உருகித் தூளாகிக் காற்றில் பறந்து மணலில் படிந்தது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு அரை ஆயுட்காலம் என்ற சொல் ஞாபகம் இருக்கும். பரீட்சைக்குக் கணக்குச் செய்துவிட்டுப் போய்விடுவோம். அந்தக் கணக்கை மண்ணில் வைத்துப் பாருங்கோ. புளூட்டோனியம்-239இன் அரை ஆயுட்காலம் 24,100 வருடம். எங்கட சங்க காலத்திலிருந்து இன்று வரை போனது ஏறக்குறைய 2,000 வருடம். அதைப்போலப் பன்னிரண்டு மடங்கு காலம் போனாலும் அந்த 22 கிலோவில் பாதி, 11 கிலோ, இன்னும் இருக்கும். புளூட்டோனியத்தின் கதிரை ஒரு கடதாசி மறிக்கும். வெளியே இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் புழுதியாக மூச்சில் உள்ளே போனால் சுவாசப்பையில் இருந்துகொண்டு வேலை காட்டும். நிலத்தில் படுத்து, நிலத்தில் சமைத்து, பிள்ளைகள் மண்ணளைந்து விளையாடுகிற மக்களின் நிலத்தில்தான் அந்தப் புழுதி கிடந்தது.

1967இல் பிரித்தானியர் "துப்புரவு" செய்தார்கள். எப்படி? மேல் மண்ணை உழுது, கீழ் மண்ணோடு கலந்துவிட்டார்கள். குப்பைகளைக் கிடங்குகளில் போட்டுக் கொங்கிறீற் மூடி போட்டார்கள். அடுத்த ஆண்டு அவுஸ்திரேலியா "சரி, உங்கள் பொறுப்பு முடிந்தது" என்று எழுதிக் கொடுத்தது. புளூட்டோனியத்தில் பெரும்பகுதி கிடங்குக்குள் பத்திரமாக இருப்பதாக அறிக்கை சொன்னது. 1984இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் மெல்பேணிலிருந்து போய் அளந்து பார்த்தபோது, பெரும்பகுதி வெளியே மண்ணில்தான் கிடந்தது. துண்டு துண்டாகப் பொறுக்கியும் எடுக்கலாம் என்ற நிலைமை.

பிறகு 1993இல் பிரித்தானியா 2 கோடி பவுண் தர ஒத்துக்கொண்டது. 1994இல் மரலிங்கா ஜருஜா மக்களுக்கு 1 கோடியே 35 இலட்சம் டொலர் நட்டஈடு கொடுக்கப்பட்டது. 1996இலிருந்து 2000 வரை ஏறக்குறைய 10 கோடியே 80 இலட்சம் டொலர் செலவில் மேல்மண் வாரி எடுக்கப்பட்டு ஆழக் குழிகளில் புதைக்கப்பட்டது. அரசாங்கம் வேலை தரமாக முடிந்தது என்றது. அந்த வேலையில் இருந்த பொறியியலாளர் அலன் பார்க்கின்சன், செலவைக் குறைக்கக் குறுக்கு வழி பிடித்தார்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார். 2007இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

அளக்காததை எப்படி நிரூபிப்பது?

யாமி லெஸ்ரர் போன்றவர்களும், வாய் திறந்த முன்னாள் படையினரும் கொடுத்த அழுத்தத்தால் 1984இல் நீதிபதி ஜிம் மக்கிளெலண்ட் தலைமையில் விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அது பாலைவனத்திலும் இருந்து சாட்சியம் கேட்டது, இலண்டனுக்கும் போய்க் கேட்டது. 1985இல் அறிக்கை வந்தது. ஈமு பீல்டின் முதல் குண்டைக் காற்றுநிலை சரியில்லாத வேளையில் வெடித்தார்கள் என்றும், வலற்றினாச் சனத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை என்றும் அது கண்டித்தது. கறுப்பு மூடுபனி உண்மை என்று ஏற்றுக்கொண்டது. சனத்துக்குத் தற்காலிக வருத்தம் வந்திருக்கலாம் என்றது. ஆனால் அதற்கு மேலான நோய்களுக்கு, லெஸ்ரரின் பார்வைக்கும் சேர்த்து, அதுதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது.

இதில்தான் முழு விடயமும் இருக்கிறது. ஆதாரம் ஏன் இல்லை? அந்த முகாமில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அன்று ஆரும் எண்ணவில்லை. அவர்களின் உடம்பில் கருவி வைத்து ஆரும் பார்க்கவில்லை. இறந்தவர்களுக்கு மரணச் சான்றிதழ் இல்லை. அன்றைக்கு எண்ணாமல் விட்டவர்கள், முப்பது வருடத்துக்குப் பிறகு "எண்ணிக்கை எங்கே?" என்று கேட்டார்கள். எண்ணப்படாத சாவுகள் உள்ள இனத்தில் பிறந்த எங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

படையினருக்கும் இதே கதைதான். சோதனைகளில் வேலை செய்த அவுஸ்திரேலியர்களைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வு, மற்றச் சனத்தைவிட அவர்களுக்குப் புற்றுநோய் 23 வீதமும், புற்றுநோய்ச் சாவு 18 வீதமும் கூட என்று கண்டது. ஆனால் மதிப்பிட்ட கதிர்வீச்சு அளவுகளோடு அது பொருந்தவில்லை, ஆகவே காரணம் என்று சொல்லமுடியாது என்றது. ஆய்வாளரில் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் இருந்த அளவை வைத்துத்தான் பேசமுடியும். ஆனபடியால்தான் ஒரு விபத்து நடந்தால் அன்றே எழுதி வைக்கவேண்டும் என்று வேலைத்தலங்களில் சொல்லுகிறார்கள். எழுதாதது நடக்காதது ஆகிவிடும்.

ஓவியமும் கண்ணாடியும்

விஞ்ஞானத்தின் அளவுகோல் எட்டாத இடத்தில்தான் கலைஞர்கள் வேலை செய்தார்கள். எங்கட சனம் "ஓவியம் சோறு போடுமோ" என்று பிள்ளைகளைக் கேட்கும். இந்த மூன்று பேரைப் பற்றிக் கேளுங்கோ.

ஜொனதன் குமிஞ்சரா பிறவுன் 1960இல் யலாற்றாவில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு மெல்பேணிலும் சிட்னியிலும் வளர்ந்தவர். "திருடப்பட்ட தலைமுறை" என்று சொல்லுகிறார்களே, அதில் ஒருவர். வளர்ந்த பிறகு சொந்தங்களைத் தேடி யலாற்றாவுக்குப் போனார். தாய் தகப்பனைக் கண்டபோதுதான், தங்களுடைய உண்மையான நிலம் யலாற்றா அல்ல, மரலிங்கா என்ற கதையையும் கேட்டார். அவர் வரைந்தார். தன் மக்களின் புள்ளி ஓவிய முறையில் நிலத்தை வரைந்து, அதன் மேல் மண்ணையும் காவியையும் பூசி மூடினார். மூடியதின் விளிம்பில் மட்டும் பழைய ஓவியம் தெரியும். ஒரு நாட்டை ஒரு படைக்குள் மூடிவிட்டார்கள் என்பதை அதைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் சொல்லவில்லை. 1997இல், நாற்பது வயது காண முன்னமே அவர் இறந்துபோனார்.

மெல்பேணைச் சேர்ந்த யோர்ட்டா யோர்ட்டா இனத்துக் கலைஞர் லின் ஓனஸ், 1990இல் 'மரலிங்கா' என்ற சிற்பத்தைச் செய்தார். ஒரு தாய், பிள்ளையோடு, வெடிப்பின் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிறாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்கு ஓடிய எங்கட தாய்மாருக்கு அந்தச் சிற்பத்துக்கு விளக்கம் தேவையில்லை.

மூன்றாவது யோனி ஸ்காஸ். கொகதா, நுகுனு இனங்களைச் சேர்ந்தவர். 1973இல் வூமராவில் பிறந்தவர். வூமரா என்ற பெயர் அகதிகளான எங்களுக்குத் தெரிந்த பெயர். 1999இலிருந்து 2003 வரை படகில் வந்தவர்களை முள்ளுக்கம்பிக்குள் வைத்திருந்த முகாம் அங்கேதான் இருந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தி ஏவுகணைகளுக்காக உருவாக்கிய ஊர் அது. முதலில் அந்த நிலத்தின் சொந்தக்காரரை வெளியே விட்டார்கள். பிறகு வெளியிலிருந்து வந்தவர்களை உள்ளே அடைத்தார்கள்.

ஸ்காஸ் கண்ணாடி ஊதுகிற கலைஞர். மரலிங்காவில் குண்டின் சூட்டில் மணல் உருகிக் கண்ணாடியாகிக் கிடக்கிறதை நேரில் பார்த்தவர். அந்தக் கண்ணாடியையே தன் மொழியாக்கினார். 2015இல் அவர் செய்த படைப்பில் 2,000க்கும் மேற்பட்ட கண்ணாடிக் கிழங்குகள் மேலிருந்து தொங்குகின்றன. தூரத்தில் நின்று பார்த்தால் குண்டு வெடித்த மேகம். கிட்டப் போனால் ஒவ்வொன்றும் அந்த நிலத்துச் சனம் கிண்டிச் சாப்பிட்ட கிழங்கு. ஒவ்வொன்றையும் மூச்சால் ஊதிச் செய்திருக்கிறார்கள். மூச்சோடு போன நஞ்சை மூச்சால் ஊதிக் காட்டியது என்றும் சொல்லலாம்.

மரலிங்காவின் முதல் குண்டு வெடித்து 60 வருடம் நிறைந்த 2016 செப்டெம்பர் 27இல், இந்த மாதிரிப் படைப்புகளைச் சேர்த்து ஒரு கண்காட்சி சிட்னியில் திறக்கப்பட்டு, பிறகு பல ஊர்களுக்கும் போனது. யலாற்றா, ஓக் வலி ஊர்ச்சனம் தாங்களே சொல்லித் தாங்களே படம் வரைந்து 2009இல் 'மரலிங்கா: அனங்கு கதை' என்ற புத்தகத்தையும் வெளியிட்டிருக்கிறார்கள். சிறுவர்களுக்கும் விளங்கும் ஆங்கிலம்.

முடியாத கணக்கு

1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏறக்குறைய 76,000 சதுர கிலோமீற்றர் நிலம் மரலிங்கா ஜருஜா மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. முழு இலங்கையையும்விடப் பெரியது. குண்டு வெடித்த பகுதியும் 2009இல் கையளிக்கப்பட்டது. ஆனால் தரனாக்கியைச் சுற்றி எல்லைப் பலகைகள் நிற்கின்றன. வேட்டையாடலாம், கடந்து போகலாம், குடியிருக்கக் கூடாது. மிதிவெடிப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று சொந்தக் காணியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலகையின் அர்த்தம் தெரியும். மிதிவெடியையாவது பொறுக்கி எடுக்கலாம்.

விஞ்ஞானிகளின் வேலையும் முடியவில்லை. 2021இல் மெல்பேணின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மரலிங்கா மண்ணில் கிடக்கும் மிகச் சிறு துணிக்கைகளை வெட்டிப் பார்த்து, அவற்றிலிருந்து புளூட்டோனியம் மெல்ல மெல்ல மண்ணுக்குள் கசியக்கூடும் என்று எழுதினார்கள். 2025இல் மொன்ரி பெலோ கடலடி மண்ணை ஆராய்ந்தவர்கள், மேற்கு அவுஸ்திரேலியக் கரையின் மற்ற இடங்களைவிட 4 தொடக்கம் 4,500 மடங்கு வரை கூடுதலான புளூட்டோனியத்தைக் கண்டார்கள். இவர்கள் மார்ஸ்ரனின் வழியில் வந்தவர்கள். அளந்தார்கள், சொன்னார்கள்.

சனங்களும் சும்மா இருக்கவில்லை. பாலைவனத்து முதிய பெண்கள் ஒன்றுசேர்ந்து, தங்கள் நிலத்தில் அணுக்கழிவைக் கொட்ட விடமாட்டோம் என்று 1998 தொடக்கம் ஆறு வருடம் போராடி 2004இல் வென்றார்கள். கறுப்பு மூடுபனியைக் கண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். 2023இல் பார்ங்கார்லா மக்கள் நீதிமன்றத்தில் வென்று, கிம்பாவில் வரவிருந்த கழிவுக் கிடங்கை நிறுத்தினார்கள். மெல்பேணில் 2007இல் தொடங்கிய ஐ.சி.ஏ.என். என்ற அணு ஆயுத ஒழிப்பு இயக்கம், 2017இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றது. அதே ஆண்டு யூலை 7இல் ஐக்கிய நாடுகள் சபையில் அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் நிறைவேறியது. சோதனையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ வேண்டும் என்பதும் அதில் ஒரு விதி. இரண்டு கிழமை கழித்து, யூலை 21இல், யாமி லெஸ்ரர் காலமானார். அவருடைய மகள் கரினா லெஸ்ரர் அந்த வேலையைத் தொடர்ந்து செய்கிறார்.

நாங்கள் என்ன செய்யலாம்? பெரிய காரியம் ஒன்றும் தேவையில்லை. பிள்ளைகளோடு நூலகத்துக்குப் போனால் அனங்கு மக்களின் அந்தப் புத்தகத்தைக் கேட்டு எடுங்கோ. ஓவியக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனால் "என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கோ. எங்கட கூட்டங்களின் தொடக்கத்தில் இந்த நிலத்தின் மூத்த குடிகளுக்கு வணக்கம் சொல்லுகிறோம். அந்த வணக்கத்தை அர்த்தம் தெரிந்து சொல்லுவோம். முக்கியமாக, எங்கட வீடுகளில் உள்ள வயதானவர்கள் கண்டதை, திகதியோடு, பெயரோடு, எழுதி வையுங்கோ. எழுதாமல் விட்டால் நாளைக்கு ஒரு ஆணைக்குழு வந்து எங்களிடமும் "ஆதாரம் எங்கே?" என்று கேட்கும்.

மண்ணின் சொந்தக்காரர் அந்த மண்ணிலேயே பயமின்றிப் படுத்தெழும்பும் காலம் இங்கும் அங்கும் வரவேண்டும். வாசகர்கள் அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.